முதலில் என் கையெழுத்து

கணினி வருவதற்கு முந்தைய நாட்களில், ஒரு வங்கிக் கிளையின் மேலாளர் எப்படிப்பட்ட மனிதர் என்பது மாலை ஐந்து மணிக்கு மேல்தான் தெரியவரும். காலையில் எல்லா மேலாளர்களும் ஒரே மாதிரிதான். சாமி படத்துக்கு ஊதுபத்தி, மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வட்டி விகித அட்டை, வருகிறவர்களுக்கு ஒரு வணக்கம். மாலையில் டே புக் எழுதி முடித்து, பற்றையும் வரவையும் கூட்டிப் பார்த்து, இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அப்போதுதான் உள்ளே இருக்கிற ஆள் வெளியே வருவார்.

இன்று வங்கியில் சேரும் பிள்ளைகளுக்கு இதை விளக்கித்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பணம் எடுக்கும் சீட்டு, கட்டும் சீட்டு, டிராஃப்ட், காசோலை, நகைக்கடன் என்று சின்னக் கிளையிலேயே ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வவுச்சர்கள் சேரும். ஒவ்வொன்றையும் ஒரு குமாஸ்தா லெட்ஜரில் கையால் ஏற்றுவார். இன்னொருவர் டே புக்கில் எழுதுவார். ஓர் அதிகாரி சரிபார்த்துச் சுருக்கொப்பம் இடுவார். எங்கேயாவது ஓர் இலக்கம் இடம் மாறினால் மாலையில் வித்தியாசம் வந்து நிற்கும். பத்துப் பைசா வித்தியாசம் என்றாலும் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. ‘என் சட்டைப்பையிலிருந்து போட்டுவிடுகிறேன்’ என்று சொல்லவும் வழியில்லை. ஐயாயிரம் ரூபாய் கூடுதலாக ஒரு தவறு, அதைவிடப் பத்துப் பைசா குறைவாக எதிர்ப்பக்கம் இன்னொரு தவறு என்று இரண்டு பெரிய பிழைகள் அந்தப் பத்துப் பைசாவுக்குப் பின்னால் ஒளிந்திருக்கலாம்.

நான் 1983-ல், பேங்கிங் சர்வீஸ் ரெக்ரூட்மென்ட் போர்டு தேர்வு எழுதி, ஓர் அரசு வங்கியில் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். கும்பகோணத்துப் பையனைத் தர்மபுரி மாவட்டத்தில் அரூர் பக்கத்து கிராமக் கிளைக்கு அனுப்பினார்கள். கிருஷ்ணகிரியும் அப்போது அதே மாவட்டம்தான், 2004-ல்தான் பிரிந்தது. காவிரித் தண்ணீரில் வளர்ந்தவனுக்கு அந்த மண் புதிது. புளிய மரங்கள், கேழ்வரகு, நிலக்கடலை, மரவள்ளி, வானம் பார்த்த விவசாயம். ஓட்டுக் கட்டடம் ஒன்றில் வாடகைக்கு எங்கள் கிளை இருந்தது.

எனக்கு வாய்த்த முதல் மேலாளரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர். வட்டார அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தாலே அவர் முகம் மாறிவிடும். அந்தப் பயம் முழுவதும் மாலையில் எங்கள் மேல் இறங்கும். டே புக் டேலி ஆகவில்லை என்றால் அறைக்குள்ளிருந்தே, “யாருய்யா இதைப் போட்டது?” என்று கத்துவார். வவுச்சர் கட்டு மேஜை மேல் வந்து விழும். கிளையில் அத்தனை பேரும் குனிந்துகொள்வோம். எல்லோரும் அவரவர் எழுதியதை மறைவாக ஒரு முறை பார்த்துக்கொள்வோம். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க விடமாட்டோம். அதனால் அரை மணி நேரத்தில் கிடைக்க வேண்டிய பிழை இரவு ஒன்பது மணி வரை கிடைக்காது. சில நாள் கிடைக்காமலே போகும். அந்தத் தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் போட்டுவிட்டு எழுந்துவிடுவோம். அவர் மாற்றலாகிப் போனபோது எங்கள் சேமிப்புக் கணக்கு லெட்ஜர்கள் ஒரு வருடத்துக்கும் மேலாகப் பேலன்ஸ் செய்யப்படாமல் கிடந்தன. திட்டினால் வேலை நடக்கும் என்று இன்றும் நம்புகிறவர்கள் உண்டு. திட்டினால் பிழை ஒளிந்துகொள்ளும். என் சர்வீஸ் முழுக்க நான் பார்த்த உண்மை இது.

1987-ல் அடுத்த மேலாளர் வந்தார். விருதுநகர் பக்கத்துக்காரர். குமாஸ்தாவாகத் தொடங்கிப் பதவி உயர்வில் மேலே வந்தவர். குள்ளமான உருவம், முழுக்கை வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, ஒன்று சிவப்பு. எங்கள் மெசஞ்சர் அவரைவிட வயதில் மூத்தவர். முந்தைய மேலாளர் அவரை ‘வா, போ’ என்றுதான் அழைப்பார். வீட்டுக்குக் காய்கறி வாங்க அனுப்புவார். புதியவர் முதல் நாளே, “அண்ணே, ஸ்ட்ராங் ரூம் பூட்டு எண்ணெய் போட்டு எத்தனை நாளாச்சு?” என்று கேட்டார். அவர் அழைத்த ‘அண்ணே’வைவிட, அந்தப் பூட்டின் நிலையை மெசஞ்சரிடம்தான் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்ததைத்தான் நான் கவனித்தேன். அந்தக் கட்டடத்தில் எது யாருக்குத் தெரியும் என்பதை அவர் வெகு சீக்கிரத்தில் கண்டுகொண்டார்.

அவர் வந்த சில நாளிலேயே டேலி ஆகவில்லை. வித்தியாசம் 270 ரூபாய். பழக்கத்தில் நாங்கள் எல்லோரும் குனிந்துகொண்டோம். அவர் அறையைவிட்டு வெளியே வந்து, நாற்காலியை எங்கள் மேஜை நடுவில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“270 ஒன்பதால வகுபடுது. எங்கேயோ ரெண்டு இலக்கம் இடம் மாறியிருக்கு. 630-ஐ 360-ன்னு எழுதினா 270 வரும். 740-ஐ 470-ன்னு எழுதினாலும் வரும். அப்படித் தேடுவோம்” என்றார். அடுத்து அவர் சொன்னதை நான் வாழ்நாளில் மறக்கவில்லை. “முதல்ல என் கையெழுத்து இருக்கிற வவுச்சரையெல்லாம் எடுத்துட்டு வாங்க. நான் பாஸ் பண்ணினதுல இருந்து தொடங்குவோம்.”

அன்றைய கட்டில் பாதிக்கு மேல் அவர் பாஸ் செய்தவைதான். ஒருவர் வவுச்சரைப் படிக்க, ஒருவர் டே புக்கைப் பார்க்க, அவரும் கூடவே டிக் போட்டுக்கொண்டு வந்தார். கால் மணி நேரத்தில் கிடைத்துவிட்டது. 630 ரூபாய் எடுத்த சீட்டு, 360 என்று ஏறியிருந்தது. எழுதியது எங்கள் கிளையின் கடைசிப் பையன். வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. அவன் முகம் வெளிறிப் போயிற்று. அவர் அவனைப் பார்க்கவே இல்லை. பக்கத்தில் இருந்த தன் சுருக்கொப்பத்தின் மேல் விரலை வைத்து, “நான் வவுச்சரைப் பார்க்காம டிக் போட்டிருக்கேன். எழுதுறவருக்குத் தவறு வரும், அதுக்குத்தானே செக்கிங்னு ஒண்ணு வெச்சிருக்கு” என்றார். சிவப்புப் பேனாவால் திருத்தினார். வீட்டுக்குப் போனோம்.

இதில் பெருந்தன்மை மட்டும் இருந்ததாக அப்போது நினைத்தேன். நானே அதிகாரியாகி, செக்கிங் செய்யும் நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் இது வேலை நுணுக்கமும் என்று புரிந்தது. கையெழுத்துப் போட்டவர் தன்னிடமிருந்து தேடலைத் தொடங்கும்போது மற்ற எல்லோரும் தங்கள் புத்தகத்தைத் தாங்களே திறந்து வைக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு எங்கள் கிளையில் ஆட்கள் தாமாகவே வந்து சொல்ல ஆரம்பித்தார்கள். “சார், இந்தப் போஸ்டிங்ல எனக்கு ஒரு சந்தேகம், ஒரு தடவை பாருங்க” என்று பகலிலேயே கேட்பார்கள். மாலை வித்தியாசங்கள் குறைந்தன. பூட்டிக் கிடந்த ஒரு வருடத்துச் சேமிப்பு லெட்ஜர்களை ஒவ்வொரு புத்தகமாக எடுத்து, சில மாதங்களில் பேலன்ஸ் செய்து முடித்தோம். வட்டார அலுவலகம் அதற்குக் கூடுதல் ஆள் தரவில்லை. இருந்த ஆட்களை வைத்தே முடித்தோம்.

அவர் தவறே செய்யாதவர் என்று எழுதினால் அது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நேரம் பார்க்காமல் உழைக்கிறவர்களுக்கு மற்றவர்களின் நேரமும் கண்ணுக்குத் தெரியாது. அந்த பேலன்சிங் வேலைக்கு எல்லோரும் இருட்டும் வரை இருந்தாக வேண்டும் என்றுதான் முதலில் ஏற்பாடு செய்தார். எங்களோடு வேலை பார்த்த பெண் குமாஸ்தா அரூரிலிருந்து வந்து போகிறவர். கடைசிப் பேருந்து ஆறரைக்கு. அதை விட்டால் வழியில்லை. இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு நாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: “சார், நீங்க வேலையைப் பத்தி யோசிச்சீங்க, பஸ்ஸைப் பத்தி யோசிக்கல.” மேலாளரிடம் யாரும் அப்படிப் பேசி அந்தக் கிளை கண்டதில்லை. அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “சரிம்மா. உங்க லெட்ஜரை காலையில பாருங்க. ஒன்பது மணிக்கு நான் வந்து திறந்து தர்றேன்” என்றார். மறுநாள் ஒன்பது மணிக்குச் சாவியோடு வந்து நின்றார். அந்த ஏற்பாடு முடியும் வரை அப்படித்தான் வந்தார். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில் இருக்கும்; அதனால் இன்னொரு அதிகாரியையும் சம்மதிக்க வைத்து அழைத்துவர வேண்டியிருந்தது. முடிவை மாற்றிக்கொள்வது எளிது. மாற்றியதற்கான சிரமத்தையும் தானே ஏற்றுக்கொண்டார் என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

அந்தக் காலத்து கிராமக் கிளைகளின் பெரும் பாரம் ஒருங்கிணைந்த ஊரக வளர்ச்சித் திட்டக் கடன்கள். எல்லோரும் ஐ.ஆர்.டி.பி. என்பார்கள். சிறு விவசாயிக்கு 25 சதவீதம், குறு விவசாயிக்கு மூன்றில் ஒரு பங்கு, பழங்குடியினருக்குப் பாதி என்று மானியம் உண்டு. மானியம் இருக்கும் இடத்தில் தரகர் இருப்பார். கறவை மாட்டுக் கடனில் ஒரே மாட்டைப் பலருக்குக் காட்டிக் கடன் வாங்குவது நாடெங்கும் பேசப்பட்ட குறை. காப்பீட்டுக்காக மாட்டின் காதில் எண் பொறித்த வில்லை மாட்டுவார்கள். அந்த வில்லை மாட்டிலிருந்து மாட்டுக்கு மாறும்.

எங்கள் மேலாளர் விடியற்காலையில் மாட்டுச் சந்தைக்கே போய்விடுவார். கிளையின் வேளாண் அதிகாரியும் கால்நடை மருத்துவரும் கூட இருப்பார்கள். கடன் வாங்கும் பெண்மணியையே மாட்டைத் தேர்ந்தெடுக்கச் சொல்வார். “நீங்கதான் கறக்கப் போறீங்க, மடியைப் பார்த்து நீங்களே சொல்லுங்க” என்பார். நானும் ஒன்றிரண்டு முறை கூடப் போயிருக்கிறேன். மாடு பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. அதை மறைக்கவும் மாட்டார். தெரிந்தவர் சொல்வதற்குக் காது கொடுத்து நிற்பார். அந்தச் சந்தைப் பயணங்களுக்கு அவர் படி வாங்கியதாக எனக்கு நினைவில்லை. தரகர்கள் சில மாதங்களில் எங்கள் கிளைப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

அப்படி ஒரு கடன் பட்டுவாடா நாளில்தான் அந்தச் சோதனை வந்தது. கிராமங்களிலிருந்து வந்தவர்கள் வாசலைத் தாண்டி வேப்பமரத்தடி வரை உட்கார்ந்திருந்தார்கள். பண கவுன்ட்டர் ஒன்றுதான், கேஷியர் ஒருவர்தான். வெயிலில் வந்தவர்களைத் திருப்பி அனுப்ப மனமில்லாமல், வழக்கமான நேரம் முடிந்த பிறகும் கவுன்ட்டரைத் திறந்து வைக்கச் சொன்னார் மேலாளர். மாலையில் பணத்தை எண்ணியபோது 2,000 ரூபாய் குறைந்தது. கேஷியரின் ஒரு மாதச் சம்பளத்துக்கும் மேல். விதிப்படி குறைந்த பணத்தை கேஷியர்தான் கட்ட வேண்டும். இரண்டு பெண் குழந்தைகளின் தகப்பன் அவர். கவுன்ட்டர் கூண்டுக்குள்ளேயே உட்கார்ந்து அழுதுவிட்டார்.

நோட்டுக் கட்டுகளை எல்லோரும் சேர்ந்து மறுபடி மறுபடி எண்ணினோம். அன்றெல்லாம் கட்டுகளுக்கு ஸ்டேபிள் பின் அடித்திருக்கும். பிரித்து எண்ணினால் விரல் கிழியும். கிடைக்கவில்லை. கடைசி வரை அந்தப் பணம் கிடைக்கவே இல்லை. யாருக்குக் கூடுதலாகப் போனது என்று இன்றுவரை தெரியாது.

அன்றிரவு மேலாளர் வட்டார அலுவலகத்துக்கு எழுதிய அறிக்கையின் நகலைப் பிறகு கோப்பில் பார்த்தேன். கேஷியர் பெயருக்கு முன்னால் அவர் பெயர்தான் இருந்தது. பணப் பட்டுவாடா நேரத்தை நீட்டித்தது தன் முடிவு, ஒரே கேஷியரை வைத்து அத்தனை பேருக்குப் பணம் கொடுக்கச் சொன்னதும் தன் முடிவு, இடையில் அவருக்கு ஓய்வு தர மாற்று ஆள் போடாததும் தன் குறை என்று வரிசையாக எழுதியிருந்தார். குறைந்த தொகையை மாதாமாதம் சிறு பகுதியாகப் பிடித்துக்கொள்ள அனுமதி கேட்டிருந்தார். அனுமதி வந்தது. கூடவே அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோவும் வந்தது. அதை அவர் யாரிடமும் காட்டவில்லை. தபாலைப் பிரித்துப் பதிவு செய்கிறவன் நான் என்பதால் எனக்குத் தெரிந்தது. அடுத்த பட்டுவாடா நாளுக்கு இரண்டாவது கவுன்ட்டர் போட்டோம். அதில் மேலாளரே உட்கார்ந்தார்.

1989-ல் இரண்டு காரியங்கள் நடந்தன. ஏப்ரலில் சேவைப் பகுதி அணுகுமுறை வந்தது. ஒவ்வொரு கிராமக் கிளைக்கும் இன்னின்ன ஊர்கள் என்று பிரித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு, ஐ.நா.வின் வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தர்மபுரி மாவட்டத்தில்தான் தொடங்கியது. பின்னாளில் மாநிலம் முழுவதும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு எங்கள் மாவட்டம் முதல் களம். ஊரில் குழு என்று சொல்ல மாட்டார்கள், சங்கம் என்பார்கள்.

சங்கக் கூட்டம் ராத்திரியில்தான் கூடும். பகலில் எல்லோருக்கும் காட்டு வேலை. எங்கள் மேலாளரும் இளம் கிராம வளர்ச்சி அதிகாரியும் டி.வி.எஸ். 50-ல் போவார்கள். பாயில் உட்கார்ந்து பாஸ்புக்கை எப்படிப் படிப்பது என்று சொல்லித் தருவார்கள். சேமிப்புக் கணக்குக்கு அன்று மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசி நாளுக்கும் இடையே இருக்கும் மிகக் குறைந்த இருப்புக்குத்தான் வட்டி. 2010 ஏப்ரல் முதல்தான் தினசரி இருப்புக்கு வட்டி வந்தது. “பத்தாம் தேதிக்குள்ள கட்டுங்க தாயி, பதினொண்ணாம் தேதி கட்டினா அந்த மாச வட்டி போச்சு” என்று ஒவ்வொரு சங்கத்திலும் அவர் சொல்லுவார். வங்கிக்குச் சில்லறை லாபம் தரும் ஒரு விதியை வாடிக்கையாளரிடம் தேடிப் போய் விளக்கிச் சொன்ன மேலாளரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

வட்டார மேலாளர் பார்வையிட வந்தார். சங்கக் கணக்குகள் நன்றாக நடப்பதைப் பார்த்து எங்கள் மேலாளரின் கையைக் குலுக்கினார். இவர் அந்த இளைஞரைத் தோளில் கை வைத்து முன்னால் நிறுத்தி, “சார், ஊர் ஊரா அலைஞ்சது இவர்தான். எந்தச் சங்கத்துல யார் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்கன்னு இவருக்குத்தான் தெரியும். நீங்க கேளுங்க, அவரே சொல்வார்” என்று சொல்லிவிட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார். புகழும்போது பெயர் சொல்வது பலரும் செய்வதுதான். பேசும் வாய்ப்பையே கொடுத்துவிட்டு ஒதுங்குவது அரிது.

1990-ல் மத்திய அரசு விவசாயக் கடன் நிவாரணத் திட்டத்தை அறிவித்தது. பத்தாயிரம் ரூபாய் வரை தவணை தவறிய கடன்கள் தள்ளுபடி. அந்தப் பட்டியல் போடும் வேலையில் எங்கள் கை ஓய்ந்தது. ஆனால் கிளைக்கு வந்த கோபம் தள்ளுபடி கிடைக்காதவர்களுடையது. மனைவியின் தோட்டை விற்று முந்தின வருடம் கடன் கட்டிய ஒரு பெரியவர் கவுன்ட்டரில் நின்று கேட்டார்: “ஒழுங்காக் கட்டினவன் என்ன பாவம் பண்ணினான்?” எங்களிடம் பதில் இல்லை. மேலாளர் எங்களிடம் ஒரே வார்த்தைதான் சொன்னார்: “இந்தக் கேள்வியோட வர்றவங்க எல்லாரையும் என்கிட்ட அனுப்புங்க. நீங்க பதில் சொல்ல வேண்டியதில்லை.”

அந்த மாதங்களில் அவர் அறையில் நாள் முழுக்க யாராவது ஒருவர் உட்கார்ந்து வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார். அவர் அரசாங்கத்துக்காக வாதாடவும் இல்லை, அரசாங்கத்தைத் திட்டி அவர்களோடு சேர்ந்துகொள்ளவும் இல்லை. “உங்களுக்கு வருத்தம் நியாயந்தான். என் கையில இருக்கிறது அடுத்த பயிர்க்கடன். அதை உங்களுக்கு முதல்ல போட்டுத் தர்றேன்” என்பார். போட்டும் தந்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான். முடியாததை முடியும் என்று அவர் சொன்னதில்லை.

1991-ல் மாற்றலாகிப் போனார். அதற்குப் பின் பெரிய பதவி எதுவும் அவருக்கு வரவில்லை. அதே நிலையிலேயே ஓய்வு பெற்றார். அவருக்கு மெமோ கொடுத்த அலுவலகம் அவரிடம் எதையும் கற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது. கீழே இருப்பவர்கள் மனதில் இடம் பிடித்தவர்களை மேலே இருப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதற்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை.

இனி இன்றைக்கு வருகிறேன்.

பழைய நாட்களைப் பொற்காலம் என்று நான் சொல்லப் போவதில்லை. ஒரு டிராஃப்டுக்குப் பாதி நாள் காத்திருந்த சனங்களை நான் பார்த்திருக்கிறேன். கணினி மெல்ல மெல்லத்தான் வந்தது; 1984-ல் ரிசர்வ் வங்கி அமைத்த ரங்கராஜன் குழு வழி காட்டியது, லெட்ஜர் இயந்திரங்கள் வந்தன, 2000-க்குப் பிறகு எல்லாக் கிளைகளும் ஒரே கணினி வலையில் சேர்ந்தன. அது நல்லதற்குத்தான். டே புக் தானே டேலி ஆகிறது. கடைசிப் பேருந்துக்காகத் தவித்த அந்தச் சகோதரியின் சிரமம் அவர் பேத்திக்கு இல்லை.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று பிரதமர் அறிவித்தபோது, சேலத்தில் ஒரு கிளைக்கு நான் மேலாளர். புழக்கத்தில் இருந்த பணத்தின் மதிப்பில் 86 சதவீதம் ஒரே இரவில் செல்லாமல் போயிற்று. ஒன்பதாம் தேதி கிளைகளைத் திறக்கவில்லை. பத்தாம் தேதி காலை ஷட்டரைத் தூக்கும்போது வரிசை தெருமுனையைத் தாண்டி இருந்தது. மாற்றிக்கொள்ளும் தொகை முதலில் 4,000, பிறகு 4,500, பதினெட்டாம் தேதியிலிருந்து 2,000, இருபத்து நான்காம் தேதியோடு நிறுத்தம். இடையில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். இரவு ஒரு சுற்றறிக்கை, காலையில் அதற்குத் திருத்தம்.

அந்த வாரங்களில் எங்கள் பழைய மேலாளரின் பாடத்தைத் தவிர எனக்கு வேறு யாருடைய பாடமும் உதவவில்லை. தினமும் ஷட்டர் திறக்குமுன் வெளியே போய், இன்று கையில் இவ்வளவு பணம் இருக்கிறது, இத்தனை பேருக்கு வரும், அதற்குப் பிறகு நிற்பவர்கள் வெயிலில் வீணாக நிற்க வேண்டாம் என்று வரிசைக்கு நேரில் சொன்னேன். ஒவ்வொரு கேஷியர் பக்கத்திலும் இன்னொருவரை எண்ணிப் பார்க்க உட்கார வைத்தேன். எனக்கு ஒரு கவுன்ட்டர் எடுத்துக்கொண்டேன். அந்த நாட்களில் நாடெங்கும் கேஷியர்கள் குறைந்த பணத்தைத் தங்கள் சம்பளத்திலிருந்து கட்டினார்கள். எங்கள் கிளையிலும் ஒரு நாள் குறைந்தது. அறிக்கையில் எழுதும்போது என் கை தானாகவே நேரத்தை நீட்டித்தவர் பெயரில் தொடங்கியது. அந்தப் பெயர் என்னுடையது.

நான் 2020-ல் ஓய்வு பெற்றேன். இப்போது என் நண்பரின் மகள் கோயம்புத்தூரில் ஒரு வங்கியில் கிளை மேலாளர். முப்பத்து நான்கு வயது, கெட்டிக்காரி. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தவளின் கைப்பேசி இலை போட்டதிலிருந்து எடுக்கும் வரை அதிர்ந்துகொண்டே இருந்தது. வாட்ஸாப் குழு. இந்த வாரம் எத்தனை புதுக் கணக்கு, எத்தனை இன்ஷூரன்ஸ் பாலிசி, எத்தனை கிரெடிட் கார்டு என்று கிளைவாரியாக ஒரு பட்டியல். கடைசி ஐந்து கிளைகள் சிவப்பில். பட்டியலுக்குக் கீழே மேலதிகாரியின் ஒரு வரி: “சிவப்பில் இருப்பவர்கள் காலை எட்டரைக்கு வீடியோ காலில் வந்து காரணம் சொல்லவும்.”

“உங்க சார் எப்படிம்மா?” என்று கேட்டேன்.

“தெரியல அங்கிள். நேர்ல பார்த்ததில்ல. ஸ்கிரீன்ல பார்த்திருக்கேன்.”

எங்கள் மேலாளரின் கிளையைப் பற்றி வட்டார அலுவலகத்திடம் இருந்த தகவல் வாராந்திர அறிக்கையும் எப்போதாவது பதிவு செய்த டிரங்க் காலும்தான். அந்தத் தூரமே ஒருவரையொருவர் நம்ப வைத்தது. இன்று மேலே இருப்பவருக்குக் கிளையில் ஒரு கணக்கு திறந்த அடுத்த நிமிடம் தெரிகிறது. அதே கிளையில் இரண்டு பேர் மாற்றலாகிப் போய் நான்கு மாதமாக யாரும் வரவில்லை என்பது அந்தத் திரையில் எந்த நிறத்திலும் தெரிவதில்லை. அவளுடைய கிளை சிவப்பில் இருந்ததற்குக் காரணம் அதுதான். அந்த இரண்டு பேரை மாற்றிய உத்தரவில் கையெழுத்துப் போட்டவர்தான் காலையில் காரணம் கேட்கப் போகிறவர்.

பழைய கதையை அவளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “உங்க சார் ஒரு கிளைக்கு மேலாளர். எங்க சாருக்கு நாற்பது கிளை, அங்கிள். அவரை அவருக்கு மேல இருக்கிறவர் இதே மாதிரிக் கேட்கிறார்” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. சமீப வருடங்களில் காணொளிக் கூட்டங்களில் மேலதிகாரிகள் ஊழியர்களைக் கத்தித் தீர்க்கும் பதிவுகள் வெளியே வந்து நாம் எல்லோரும் பார்த்தோம். கத்தியவர்களும் யாரிடமோ கத்து வாங்கியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் எங்கள் மேலாளருக்கும் மேலே ஆள் இருந்தார்கள். அவருக்கும் மெமோ வந்தது. வந்த மெமோவை அவர் தன் மேஜைக்குள் வைத்துக்கொண்டார், கீழே அனுப்பவில்லை. அணை மதகைப் போல, மேலிருந்து வருகிற அழுத்தத்தில் கீழே எவ்வளவு விட வேண்டும் என்பதை அவர்தான் முடிவு செய்தார். நாற்பது கிளைக்காரரும் அதை முடிவு செய்யலாம். கணினி அதைத் தடுக்கவில்லை.

அவளுக்கு நான் ஒன்று மட்டும் சொன்னேன். அடுத்த நாள் காலை எட்டரைக் கூட்டத்தில் தன் ஊழியர் யார் பெயரையும் சொல்லாமல், தான் எடுத்த முடிவு என்ன, தனக்குக் குறைவது எத்தனை பேர் என்று மட்டும் சொல்லச் சொன்னேன். சொன்னாளாம். மேலதிகாரி அடுத்த கிளைக்குப் போய்விட்டாராம். ஆள் இன்னும் வரவில்லை. ஆனால் கூட்டம் நடந்தபோது அறைக்கு வெளியே நின்ற அவளுடைய உதவி மேலாளர் அதைக் கேட்டிருக்கிறார். அன்று மதியம் வந்து, போன மாதம் தான் தவறாகப் பதிந்துவிட்ட ஒரு பாலிசியைப் பற்றித் தானாகவே அவளிடம் சொல்லியிருக்கிறார். வாடிக்கையாளர் புகார் கொடுப்பதற்கு முன்பே பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

வட்டார, மண்டல நாற்காலிகளில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒரு நாள், சொல்லாமல் கொள்ளாமல், ஒரு கிளைக்குப் போய்ப் பண கவுன்ட்டரில் கேஷியர் பக்கத்தில் உட்காருங்கள். பரிசோதிக்க வேண்டாம், எண்ணிக் கொடுங்கள். அடுத்த வீடியோ கூட்டத்தில் சிவப்பில் இருக்கும் கிளையிடம் காரணம் கேட்பதற்கு முன்னால், அந்தக் கிளைக்கு எத்தனை ஆள் தேவை, நீங்கள் எத்தனை ஆள் கொடுத்திருக்கிறீர்கள் என்ற கணக்கை எல்லோர் முன்னாலும் நீங்களே படியுங்கள். அந்த உத்தரவில் இருப்பது உங்கள் கையெழுத்து.